பெயரை மாற்றியபின் மிஞ்சும் வேலை

1998 ஜனவரி 22 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. சொன்னபடியே மார்ச் 31 அன்று திறந்தும் விட்டது. தர்ம சிந்தனையால் எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்துக் காசில்லாமல் கொடுக்கத் தொடங்கியபின், உலாவியை விற்றுப் பிழைத்த நெட்ஸ்கேப்புக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. ஆனாலும் எந்தக் காரணத்தால் திறந்த கதவானாலும் திறந்தது திறந்ததுதான். மொசில்லா என்ற பெயரில் வெளிவந்த அந்த நிரலை யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருளுக்கு ரிச்சர்டு ஸ்டால்மனும் அவரைச் சேர்ந்தவர்களும் வகுத்த இலக்கணம் கேட்பதும் இவ்வளவுதான். பயனரை வேவு பார்க்காத, கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு முழுதும் கட்டுப்பட்ட ஓர் உலாவியைத் தர நினைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் இந்தக் கதவு வழியாகவே வந்தார்கள். ஐஸ்வீசல், ஐஸ்கேட், டோர் உலாவி, லிப்ரவுல்ஃப் எல்லாம் ஒரே நிரலின் கிளைகள். இவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உரிமம் கொடுத்த சுதந்திரம் ஒருநாளும் பறிபோகவில்லை. அதைப் பயன்படுத்தும் தெம்புதான் அடிக்கடி கைநழுவியிருக்கிறது. உலாவியின் சுதந்திரம் என்பது மாதாமாதம் யாராவது செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலை. அதைப் பயனர்கள் தனித்தனியே செய்ய முடியாது, பராமரிப்பாளர்கள் அவர்களுக்காகக் கூட்டாகத்தான் செய்ய முடியும். இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

மாதாமாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் உரைத் திருத்தியைப் பத்தாண்டுகள் கவனிக்காமல் விட்டாலும் அது தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். உலாவி அப்படியல்ல. முன்பின் தெரியாத சர்வர்கள் அனுப்பும் நிரலை வாங்கி, நம் கணினியிலேயே ஓட்டுவது அதன் அன்றாடத் தொழில். கோடிக்கணக்கில் வரிகள் கொண்ட அந்த அமைப்பில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியானதும் அது எங்கே இருந்தது என்பதும் கூடவே அம்பலமாகிவிடுகிறது. ஏனென்றால் நிரல் திறந்திருக்கிறது, நல்லவர்களும் கெட்டவர்களும் ஒரே பேட்சைத்தான் படிக்கிறார்கள். மூலத் திட்டம் இன்று அடைத்த ஓட்டையை ஒரு கிளைத் திட்டம் அடுத்த மாதம் அடைத்தால், இடைப்பட்ட நாட்களில் அதன் பயனர்கள் முகவரி எழுதி ஒட்டிய ஓட்டையோடு இருக்கிறார்கள். அவர்களுடைய உலாவி எந்த நிறுவனத்துக்கும் தகவல் அனுப்பாமல் இருக்கலாம். உள்ளே புகுந்துவிட்டவனுக்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

இந்தப் பிரச்சினை முதன்முதலில் பெரிதாக வெடித்தது டெபியனில். தன்னார்வலர்களால் நடத்தப்படும் இந்த லினக்ஸ் விநியோகம், தன் நிலையான பதிப்பை வெளியிட்டபின் அதிலுள்ள மென்பொருள்களை அதே பதிப்பில் உறையவைத்துவிடும். புது வசதிகள் எதுவும் வராது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2005 ஜூனில் வந்த ‘சார்ஜ்’ பதிப்பில், மொசில்லா நிரலிலிருந்து பிறந்த உலாவியான ஃபயர்ஃபாக்ஸ் 1.0.4 இருந்தது. அதை உருவாக்கும் மொசில்லா அமைப்போ 1.0 வரிசையை 2006 ஏப்ரலோடு கைவிட்டுவிட்டது. சார்ஜுக்கு 2008 வரை பாதுகாப்புத் தருவதாக டெபியன் ஒப்புக்கொண்டிருந்ததால், புதிய பதிப்புகளுக்கென எழுதப்பட்ட திருத்தங்களைப் பிரித்தெடுத்துப் பழைய நிரலில் பொருத்தும் வேலை அதன் தலையில் விழுந்தது. மொசில்லாவின் கண்ணில் அப்படிப் பொருத்தப்பட்டது ஃபயர்ஃபாக்ஸே அல்ல. தாங்கள் சோதிக்காத ஒன்று, தங்கள் பெயரில் உலவுகிறது. 2006-இல் மொசில்லாவைச் சேர்ந்த மைக் கானர் டெபியனின் வழுப் பதிவேட்டில் விஷயத்தை எழுப்பினார். ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் வேண்டுமென்றால் அதன் லோகோவையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்; செய்யும் மாற்றங்களுக்கு மொசில்லாவின் ஒப்புதல் வேண்டும். லோகோவின் பதிப்புரிமை விதிகள் டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்குப் பொருந்தாததால் அதைச் சேர்க்க டெபியனால் முடியாது. கடைசியில் பெயரே போயிற்று. 2007 ஏப்ரலில் வந்த ‘எட்ச்’ பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் ‘ஐஸ்வீசல்’ ஆனது, மொசில்லாவின் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டு ‘ஐஸ்டவ்’ ஆனது. நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் வேறொரு விலங்கு. கேலியில் பிறந்த பெயர் சட்டபூர்வப் பெயராகி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.

வீம்பு பிடித்த இரு தரப்பார் ஒரு படத்துக்காகப் போட்ட சண்டை என்றே இதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நினைவு சரியில்லை என்பதற்கு டெபியனின் நெறிகளே சாட்சி. மாற்றப்பட்ட மென்பொருள் வேறு பெயரில் வெளிவர வேண்டும் என்று ஓர் உரிமம் கேட்கலாம் என்பதை அந்த நெறிகளின் நான்காம் பிரிவு வெளிப்படையாக ஏற்கிறது. ஆக, பெயரைக் கேட்டுத் திரும்பப் பெற்றதால் மொசில்லா கொள்கை மீறவில்லை. விட்டுக்கொடுத்ததால் டெபியனின் கொள்கைக்கும் குறைவில்லை. உண்மையான மோதல் ஒப்புதலைப் பற்றியது. ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தம் இன்னொருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா, அதுவும் அந்த இன்னொருவர் கைவிட்டுவிட்ட ஒரு பதிப்புக்கு? டெபியன் காத்திருக்க மறுத்தது. அந்த மறுப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

நியாயம் ஒருபுறமிருக்க, அதற்குப் பின் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டதால் டெபியனுக்கு யாரையும் கேட்காமல் நிரலைத் திருத்தும் முழு உரிமையும் கிடைத்துவிட்டது. வேலை மட்டும் அப்படியே மிஞ்சியது. ஐஸ்வீசல் 2.0-க்கு மூலமான ஃபயர்ஃபாக்ஸ் 2-க்கு மொசில்லா 2008 டிசம்பரில் ஆதரவை நிறுத்தியது. அதற்குச் சில மாதங்களில் டெபியனும் எட்ச் பதிப்பின் மொசில்லா மென்பொருள்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டது. எட்ச்சின் மற்ற மென்பொருள்களுக்கு அவை தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. இப்படி ஆகக்கூடும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருந்தார்கள் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. 2011 முதல் மொசில்லா ஆறு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்று ஓடத் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. நல்லவேளையாக, அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முறையிட்டதால், ஏறத்தாழ ஓராண்டு ஆதரவுள்ள இ.எஸ்.ஆர். என்ற நிதானமான வரிசையை 2012 ஜனவரியில் மொசில்லா தொடங்கியது. 2013 ஜூனில் டெபியன் தன் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றில் வழிமாற்றத்தைத் தெரிவித்தது: இனி திருத்தங்களைப் பிரித்தெடுத்துப் பழைய நிரலில் பொருத்தப்போவதில்லை, மொசில்லாவின் இ.எஸ்.ஆர். பதிப்புகளையே அப்படியே தரப்போகிறோம். எந்த வேலையைத் தன் விருப்பப்படி செய்வதற்காகப் பெயரையே துறந்ததோ, அந்த வேலையையே டெபியன் அன்று இறக்கிவைத்தது. அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து, 2016-இல், லோகோவின் உரிமச் சிக்கலும் தீர்ந்திருந்த நிலையில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. சமரசம் என்று அதை எழுதினார்கள். சண்டைக்கான பொருளே 2013-இல் கரைந்துபோயிருந்தது.

ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் உலாவியும் முதலில் ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் இருந்தது. டெபியனுடையதோடு குழப்பம் வரக்கூடாது என்று 2007-இல் ‘ஐஸ்கேட்’ ஆனது. கொள்கையில் இது டெபியனைவிடக் கறாரானது. தளையுள்ள நீட்சிகளைப் பரிந்துரைக்காது. கட்டற்ற உரிமம் இல்லாத, ஓரளவு சிக்கலான ஜாவாஸ்கிரிப்டைத் தடுக்கும் ‘லிப்ரேஜேஎஸ்’ இதில் உடன்வருகிறது. இணையப் பக்கங்கள் நமக்குத் தெரியாமலே தளையுள்ள மென்பொருளை நம் கணினியில் ஓட்டுகின்றன என்று ஸ்டால்மன் 2009-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த கருவி அது. மொசில்லாவின் இ.எஸ்.ஆர். நிரலை எடுத்து, பெயர்களை மாற்றி, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றைச் சேர்க்கும் ஒரு ஸ்கிரிப்ட்தான் ஐஸ்கேட்டின் இதயம். இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. மாற்றங்களை எழுதி வைத்துவிட்டால் அடுத்த பதிப்பிலும் அதையே ஓட்டிவிடலாம். ஆனால் மூல நிரல் அடியோடு மாறும்போது ஸ்கிரிப்டைத் திருத்த ஆள் வேண்டும். குனூவின் அதிகாரபூர்வ வெளியீடு 2019 ஜூனில் 60.7.0 என்ற எண்ணோடு நின்று, நெடுங்காலம் நகரவில்லை. அதே ஜூன் 18 அன்று, ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஓட்டையை அடைத்து மொசில்லா 60.7.1-ஐ வெளியிட்டது, அந்த ஓட்டை வழியாகத் தங்கள் ஊழியர்களைக் குறிவைத்தார்கள் என்று காயின்பேஸ் நிறுவனமும் தெரிவித்தது. கொள்கைப் பிடிப்போடு குனூவின் தளத்திலிருந்து ஐஸ்கேட்டை இறக்கிக்கொண்டவர் கையில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. குனூ கீக்ஸ் விநியோகத்தில் நிலைமை வேறு. அங்கே அந்த ஸ்கிரிப்டைப் புதுப்பித்துப் புதிய ஐஸ்கேட்டைக் கட்டித் தரச் சிலர் இருந்தார்கள். இரு இடத்திலும் உரிமம் ஒன்றுதான், கொள்கை ஒன்றுதான், ஸ்கிரிப்டும் ஒன்றுதான்.

பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்புக்கான டோர் உலாவியின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். 2013 ஆகஸ்டில், ஃப்ரீடம் ஹோஸ்டிங் என்ற சேவையில் இருந்த டோர் தளங்களின் பக்கங்களில் ஒரு தாக்குதல் நிரல் செருகப்பட்டிருந்தது தெரியவந்தது. விண்டோஸில் டோர் உலாவியைப் பயன்படுத்தியவர்களின் உண்மையான ஐ.பி. முகவரியை அது வெளியே அனுப்பியது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. செய்த காரியம் அது. பயன்பட்ட ஓட்டையோ ஃபயர்ஃபாக்ஸ் 17.0.7 இ.எஸ்.ஆரில் ஜூன் மாதமே அடைக்கப்பட்டிருந்தது. டோர் திட்டமும் மறுநாளே தன் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தது. சிக்கியவர்கள் புதுப்பிக்காதவர்கள். பராமரிப்பாளர் தன் வேலையை முடித்தும், அது பயனரின் கணினிவரை போய்ச் சேரவில்லை. பராமரிப்பு என்பது நிரலைத் திருத்துவதோடு முடிவதில்லை, திருத்தத்தைக் கொண்டுசேர்ப்பதும் அதில் அடக்கம். பிற்காலத்தில் டோர் உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியைப் பெற்றது. 2013-இலேயே அது இன்னொரு முன்னோடிக் காரியமும் செய்தது: ஒரே நிரலை யார் தொகுத்தாலும் பைட் பிசகாமல் ஒரே கோப்பு வரும்படி தன் கட்டுமானத்தை மாற்றியமைத்தது. வெளியிட்ட கோப்பில் பராமரிப்பாளரே எதையும் ஒளித்துவைக்கவில்லை என்பதைப் பிறர் சரிபார்க்க முடிவதற்கான வழி அது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் நிரலைப் படிக்கும் உரிமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. படித்த நிரலும் ஓடும் கோப்பும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு இவ்வளவு உழைத்துப் பதில் சொன்ன திட்டங்கள் குறைவு.

இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான பகுதியும் இதுவே. கட்டற்ற மென்பொருள் கொள்கை, ஒவ்வொருவரும் தம் உலாவியைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமையைப் போற்றுகிறது. அந்தரங்கமோ, எல்லாருடைய உலாவியும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்கிறது. 2010-இல் எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் தன் ‘பனாப்டிக்ளிக்’ சோதனைக்கு வந்த 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தபோது, குக்கீ எதுவும் இல்லாமல், எழுத்துருக்கள், செருகிகள், திரை அளவு போன்ற அடையாளங்களைக் கொண்டே 83.6 சதவீதத்தைத் தனித்தனியே பிரித்தறிய முடிந்தது. ஒவ்வொரு கூடுதல் மாற்றமும் ஒரு கூடுதல் அங்க அடையாளம். அதனால்தான் டோர் உலாவியில் நீட்சிகளைச் சேர்க்க வேண்டாம் என்று அதன் உருவாக்குநர்களே கேட்டுக்கொள்கிறார்கள். லிப்ரேஜேஎஸ் போல, உரிமத்தைப் பார்த்துச் சில ஸ்கிரிப்டுகளை மட்டும் தடுக்கும் உலாவி, கொள்கையில் எவ்வளவு சுத்தமானாலும், கண்காணிப்பவரின் பார்வையில் கூட்டத்தில் தனித்துத் தெரியும் ஆள். கட்டற்ற மென்பொருளை ஆதரித்து எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இரண்டும் இழுக்கும் திசை ஒன்றல்ல.

அப்படியானால் ஒன்றைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை, மாற்றும் உரிமையைத் தனிமனிதரின் உரிமையாக மட்டும் பார்ப்பதை நிறுத்தினால் போதும். டோர் உலாவியே ஃபயர்ஃபாக்ஸை மாற்றி உண்டானதுதான். மாற்றும் உரிமை இல்லாவிட்டால் அது பிறந்திருக்காது. ஆனால் அந்த உரிமையைப் பராமரிப்பாளர் குழு எல்லாருக்குமாக ஒருமுறை பயன்படுத்துகிறது. பயனர்கள் அந்தப் பொது வடிவத்தைத் தொடாமல் ஏற்கிறார்கள். 2016-இல் மொசில்லாவும் டோர் திட்டமும் சேர்ந்து, டோரின் மாற்றங்களைப் படிப்படியாக ஃபயர்ஃபாக்ஸின் மூல நிரலுக்கே கொண்டுசேர்க்கத் தொடங்கின. ஒவ்வொரு இ.எஸ்.ஆர். வரும்போதும் தைத்துப் பொருத்த வேண்டியிருந்த பேட்சுகளில் பல, அங்கேயே ஓர் அமைப்புத் தேர்வாகக் குடியேறிவிட்டன. டோரின் சுமை குறைந்தது. பின்னால் வந்த லிப்ரவுல்ஃப் போன்ற சிறு திட்டங்கள் அந்தத் தேர்வை இயக்கிவைத்தாலே போதும் என்ற நிலை வந்தது. 2023-இல் வந்த முல்வாட் உலாவியும் டோர் திட்டத்தோடு சேர்ந்து இதே அடித்தளத்தில் கட்டப்பட்டது. டெபியனின் பேட்சுகள் பழைய பதிப்போடு சேர்ந்து செத்தன; டோரின் பேட்சுகள் மேலே ஏறி மூலத்தோடு கலந்துவிட்டன. ஒரே உரிமம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

மூலத் திட்டமே இவ்வளவையும் ஏற்கும்போது ஃபயர்ஃபாக்ஸையே பயன்படுத்தினால் ஆகாதா என்று கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஆகும். ஆனால் மொசில்லாவின் நலனும் பயனரின் நலனும் பிரிந்த தருணங்கள் சில உண்டு. இணைய வீடியோக்களுக்கு நகலெடுப்புப் பூட்டுப் போடும் தளையுள்ள கூறு ஒன்றை ஏற்பதாக 2014 மே மாதம் மொசில்லா அறிவித்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைக் கண்டித்தது. 2017 டிசம்பரில் ‘மிஸ்டர் ரோபோ’ தொலைக்காட்சித் தொடரோடு இணைந்த ஒரு விளம்பர நீட்சி, கேட்காமலே பயனர்களின் உலாவியில் வந்து உட்கார்ந்தது. 2024 ஜூலையில் வெளியான பதிப்பு 128, விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு வசதியைத் தானாகவே இயங்கும் நிலையில் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவின் நாய்ப் அமைப்பு அதன்மீது புகார் கொடுத்தது. 2019 மே மாதம் நடந்தது வேறு வகை. ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள் ஒரே இரவில் செயலிழந்தன. டோர் உலாவியில் ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் நீட்சியும் அதில் போயிற்று. கையொப்பச் சோதனையைத் தற்காலிகமாக அணைத்துவைக்கும்படி டோர் திட்டத்தால் தன் பயனர்களுக்குச் சொல்ல முடிந்தது. வழக்கமான ஃபயர்ஃபாக்ஸ் வெளியீட்டில் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது. மொசில்லா கெட்ட நிறுவனம் என்று இதைக் கொண்டு நான் வாதிக்கவில்லை. இயல்பு அமைப்பை யார் தீர்மானிக்கிறார் என்பதே உலாவியில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது, ஏனெனில் அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். இயல்பு அமைப்பை வேறு விதமாகத் தீர்மானிக்கும் இன்னொரு கை இருப்பதே மூலத் திட்டத்துக்கு ஒரு கடிவாளம்.

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தக் கிளைத் திட்டங்கள் எல்லாம் வேறொருவர் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடிப்பவை. சுவர் இடிந்தால் எடுத்துக் கட்டத் தெரியாதவை. ஒருவர் களைத்தால் நின்றுபோகிறவை. கடைசிப் பகுதி உண்மை. ஆண்ட்ராய்டுக்கான ‘மல்’ என்ற உலாவி, அநேகமாக ஒரே ஒருவரின் உழைப்பில் ஓடிய டைவெஸ்ட்ஓஎஸ் திட்டத்தோடு சேர்ந்து 2024 டிசம்பரில் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து ‘அயர்ன்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ள முடிந்தது உரிமத்தின் பெருமை, எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது அதிர்ஷ்டம். சார்ந்திருப்பதைக் குற்றமாகச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. 2013-இல் ஓபரா உலாவி, பக்கங்களை வரையும் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. 2018-இல் மைக்ரோசாஃப்ட்டே தன் எட்ஜ் உலாவிக்கு கூகுளின் குரோமியத்தை ஏற்பதாக அறிவித்தது. அந்த அளவு பணமும் ஆளும் உள்ள நிறுவனம் தனியே எஞ்சினை ஓட்டுவது கட்டாது என்று முடிவு செய்த துறையில், பத்துப் பேர் கொண்ட தன்னார்வக் குழு சார்ந்திருப்பதை இழிவாகப் பேசுவதில் பொருளில்லை. எதைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் போய்ச் சேரும் இடம் விசித்திரமானது. ஐஸ்கேட்டும் டோர் உலாவியும் லிப்ரவுல்ஃபும் மொசில்லாவின் பொறியாளர்கள் அடைக்கும் ஓட்டைகளைச் சார்ந்திருக்கின்றன. அந்தப் பொறியாளர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி, ஃபயர்ஃபாக்ஸின் தேடல் பெட்டியில் தன்னை வைத்திருப்பதற்காக கூகுள் தரும் பணத்திலிருந்து வருகிறது. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியபோதே அந்த வருமானத்தின் நிச்சயமின்மை வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில், கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தபின், இப்படிப்பட்ட கட்டணங்களை அடியோடு தடைசெய்யலாமா என்ற விவாதம் எழுந்தது. மொசில்லாவின் நிதித் தலைவர் எரிக் முல்ஹைம் 2025 மே மாதம் சாட்சியம் அளித்தார்: நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ஃபயர்ஃபாக்ஸிலிருந்து, அதில் சுமார் 85 சதவீதம் கூகுளிடமிருந்து. கூகுளின் கண்ணிலிருந்து தப்பவென்றே உலாவியை மாற்றிக்கொண்டவர்களின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு, சுற்றிவளைத்து, கூகுளே பணம் கட்டிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்வாணை பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடைசெய்தது, கட்டணங்களைத் தடைசெய்யவில்லை. அடுத்த இ.எஸ்.ஆருக்கான பணம் அந்த ஒரு விலக்கின் மேல்தான் நிற்கிறது.